துளை ஒன்று, கூட்டாளிகள் பலர்: எச்டாக் நொதிகளைப் பற்றி டர்பனிலிருந்து

எபிலிம் என்ற மாத்திரைப் பெயர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வலிப்பு நோயாளி இருக்கும் வீடுகளுக்குப் பழக்கமானது. உள்ளே இருப்பது சோடியம் வால்ப்ரோயேட். இது மருந்தானதே ஒரு தற்செயல். 1960களின் தொடக்கத்தில் பிரான்சில் சில ஆய்வாளர்கள் வேறு மருந்துகளைக் கரைப்பதற்காக வால்ப்ரோயிக் அமிலத்தை எடுத்துக்கொண்டார்கள். எதைக் கரைத்துக் கொடுத்தாலும் சோதனை விலங்குகளுக்கு வலிப்பு வரவில்லை. அப்புறம்தான் புரிந்தது, வேலை செய்தது கரைத்த திரவமே என்று.

பின்னாளில் இதே மருந்து வேறு இரண்டு காரணங்களுக்காகப் பேசப்பட்டது. கர்ப்பிணி எடுத்துக்கொண்டால் சிசுவின் தண்டுவடம் சரியாக மூடாமல் போகலாம் என்று 1982இல் பிரான்சின் லியோன் நகரத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. 2005இல், உடலுக்குள் ஒளிந்துகிடக்கும் எச்ஐவியை வெளியே கொண்டுவர இது உதவலாம் என்று லான்செட் இதழில் ஒரு சிறு ஆய்வு வெளியானது. வலிப்பை இது அடக்குவது நரம்பணுக்களின் வேறு வழிகள் மூலமாக. ஆனால் சிசுவின் கதைக்கும் எச்ஐவி கதைக்கும் பின்னால் நிற்பது ஒரே நொதிக் குடும்பம்: ஹிஸ்டோன் டீஅசிட்டிலேஸ், ஆய்வகங்களில் சுருக்கமாக எச்டாக். அந்தக் குடும்பத்து நொதிகளின் நடுவில் ஒரு சிறு துளை இருக்கிறது. இந்த வகை மருந்துகள் போய் உட்காரும் இடம் அதுதான். ஆனால் ஒரு எச்டாக் உயிரணுவில் எந்த மரபணுவை அடக்கும், எதைத் தொடாது என்பது துளையைப் பொறுத்ததில்லை. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இந்த மருந்துகள் தந்த ஏமாற்றங்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் ஹிஸ்டோன். ஒரு மனித உயிரணுவில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் வரும். அது எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருளைகளின் மேல் சுற்றப்பட்டிருக்கிறது. ஓர் உருளையில் டிஎன்ஏ ஏணியின் 147 படிகள் (காரஇணைகள்) சுற்றியிருக்கும்; இந்த அலகுக்கு நியூக்ளியோசோம் என்று பெயர். 1997இல் அதன் வடிவம் அணுவணுவாகத் தெரியவந்தது. ஹிஸ்டோன்களின் நுனிகள் உருளைக்கு வெளியே வால்போல நீண்டிருக்கும். அந்த வால்களில் லைசின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. லைசினுக்கு நேர்மின்னேற்றம், டிஎன்ஏவுக்கு எதிர்மின்னேற்றம், இரண்டும் ஒட்டிக்கொள்ளும். லைசின் மீது அசிட்டைல் என்ற சிறு தொகுதி ஏறிவிட்டால் அந்த மின்னேற்றம் போய்விடும், பிடி தளரும், அந்தப் பகுதியின் மரபணுக்களைப் படிப்பது எளிதாகும். அசிட்டைலை ஏற்றும் நொதிகள் ஒரு பக்கம். ஏறியிருப்பதை அடையாளம் கண்டு வந்து ஒட்டும் புரதங்கள் இன்னொரு பக்கம். ஏறியதைக் கழற்றுவது எச்டாக்.

இதை முதலில் ஊகித்தவர் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த வின்சென்ட் ஆல்ஃப்ரி. ஹிஸ்டோன் மீது அசிட்டைல் ஏறுவதற்கும் மரபணு இயங்குவதற்கும் தொடர்பு இருக்கும் என்று அவர் 1964இலேயே எழுதிவிட்டார். ஆனால் ஏற்றுவது எது, கழற்றுவது எது என்று யாராலும் முப்பது வருடங்களுக்கு மேல் கையில் பிடித்துக் காட்ட முடியவில்லை. 1996இல்தான் இரண்டும் அடுத்தடுத்து அகப்பட்டன. டெட்ராஹைமினா என்ற ஒற்றைச்செல் உயிரியிலிருந்து ஏற்றும் நொதியை டேவிட் ஆலிஸ் குழு பிடித்தது. கழற்றும் நொதியைப் பிடிக்க ஸ்டூவர்ட் ஷ்ரைபரின் ஆய்வகம் வேறு வழியில் போனது. டிராபாக்சின் என்ற ஒரு பூஞ்சைப் பொருள் உயிரணுக்களில் அசிட்டைல் கழல்வதைத் தடுக்கிறது என்பது தெரிந்திருந்தது. அப்படியானால் அது எதன் மீது ஒட்டுகிறதோ அதுதான் தேடும் நொதி. டிராபாக்சினைத் தூண்டிலாக்கி அவர்கள் இழுத்தெடுத்த மனிதப் புரதம் எச்டாக் 1. அதன் அமினோ அமில வரிசையைப் பார்த்தால், ஈஸ்டில் மரபணுக்களை அடக்கும் புரதமாக ஏற்கெனவே தெரிந்திருந்த ஒன்றைப் பெருமளவு ஒத்திருந்தது. ஒரே ஆய்வில் வேதியியலும் மரபியலும் கை கோத்துக்கொண்டன. தடுப்பு மருந்தை வைத்தே நொதியைக் கண்டுபிடித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இந்தத் துறையில் ஆரம்பம் முதலே துளையின் மேல்தான் எல்லோருக்கும் கண்.

அந்தத் துளையின் வடிவம் 1999இல் தெரிந்தது. அதுவும் மனித நொதியில் தெரியவில்லை. கொதிநீர் ஊற்றுகளில் வாழும் அக்குயிஃபெக்ஸ் என்ற பாக்டீரியாவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புரதம் இருந்தது. நிகோலா பாவ்லெடிச்சின் குழு அதைப் படிகமாக்கி வடிவத்தைப் பார்த்தது. பாக்டீரியாவில் நம்முடையது போன்ற ஹிஸ்டோன் ஏற்பாடு கிடையாது. அப்படியானால் இந்த நொதி அங்கே எதைக் கழற்றிக்கொண்டிருந்தது? ஹிஸ்டோன்கள் வருவதற்கு முன்பே இந்த வடிவம் இருந்திருக்கிறது, ஹிஸ்டோனைத் தொடும் வேலை பிறகு வந்து சேர்ந்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெயரிலேயே ஹிஸ்டோன் இருப்பதால் நாம் ஏமாந்துபோகிறோம். மனித நொதியில் முதலில் வடிவம் தெரிந்தது எச்டாக் 8, வருடம் 2004.

துளை சுமார் 11 ஆங்ஸ்ட்ராம் ஆழமான ஒரு குறுகலான குழாய். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஒரு கோடியில் ஒரு பங்கு. லைசினின் பக்கச் சங்கிலி நீளமானது, மெலிந்தது. அது மட்டும்தான் இந்தக் குழாய்க்குள் இறங்க முடியும். குழாயின் சுவர்களில் எண்ணெய்த்தன்மையுள்ள அமினோ அமிலங்கள் இருப்பதால் சங்கிலி வசதியாக வழுக்கி இறங்கும். நுனியில் இருக்கும் அசிட்டைல் அடிமட்டத்தைத் தொடும்போது அங்கே ஒரு துத்தநாக அயனி காத்திருக்கிறது. எச்டாக் 8இல் அந்தத் துத்தநாகத்தைப் பிடித்து வைத்திருப்பவை மூன்று: 178ஆவது இடத்தில் அஸ்பார்ட்டேட், 180இல் ஹிஸ்டிடின், 267இல் இன்னொரு அஸ்பார்ட்டேட்.

வேலை இப்படி நடக்கிறது. துத்தநாகம் ஒரு நீர் மூலக்கூற்றையும் அசிட்டைலின் ஆக்சிஜனையும் ஒருசேரப் பிடித்துக்கொள்கிறது. பக்கத்திலிருக்கும் ஹிஸ்டிடின் அந்த நீரிலிருந்து ஒரு புரோட்டானை உருவிக்கொள்கிறது. இதனால் வீரியம் பெற்ற நீர் அசிட்டைலின் கார்பனைத் தாக்குகிறது. அந்தக் கணத்தில் தோன்றும் நிலையற்ற இடைநிலையை 306ஆவது இடத்து டைரோசின் எதிர்ப்பக்கத்திலிருந்து தாங்கிப்பிடிக்கிறது. பிணைப்பு அறுந்து, அசிட்டேட் ஒரு பக்கமும் பழையபடி நேர்மின்னேற்றம் பெற்ற லைசின் ஒரு பக்கமுமாகப் பிரிகின்றன. ஹிஸ்டோன் வால் திரும்ப டிஎன்ஏவோடு ஒட்டுகிறது. அந்த ஒற்றை டைரோசினுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒரு சான்று குடும்பத்துக்குள்ளேயே உண்டு. எச்டாக் 4, 5, 7, 9 ஆகியவற்றில் அந்த இடத்தில் டைரோசினுக்குப் பதிலாக ஹிஸ்டிடின் இருக்கிறது. அவற்றின் கழற்றும் திறன் மிக மிகக் குறைவு.

மனிதரிடம் துத்தநாகம் வைத்த எச்டாக்கள் 11. இதே வேலையை வேறு வேதியியலில் செய்யும் சர்டூயின்கள் 7. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். பதினொன்றிலும் எல்லாம் ஹிஸ்டோனோடு நிற்பதில்லை. எச்டாக் 6 பெரும்பாலும் உட்கருவுக்கு வெளியே, உயிரணுவின் சட்டகப் புரதமான டியூபுலினைத் தொடுகிறது. எச்டாக் 10 ஒரு சிறு மூலக்கூறான பாலிஅமீனைத்தான் விரும்புகிறது என்று 2017இல் தெரிந்தது. எச்டாக் 8, குரோமோசோம்களை வளையமிட்டுப் பிடிக்கும் கோஹீசினின் ஒரு பகுதியிலிருந்து அசிட்டைலைக் கழற்றுகிறது. எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் அதன் மரபணு பழுதானால் கார்னீலியா டி லாங்கே என்ற பிறவி நோய்க்குறித் தொகுதி வரலாம் என்று 2012இல் கண்டார்கள். மரபணுக்களை அடக்கும் முக்கிய வேலை எச்டாக் 1, 2, 3 என்ற மூவரிடம்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. எச்டாக் 8 தனியாகவே வேலை செய்யும். ஆனால் 1, 2, 3 மூன்றையும் தனியாகப் பிரித்தெடுத்து வைத்தால் ஏறக்குறைய சும்மா கிடக்கும். துளை இருக்கிறது, துத்தநாகம் இருக்கிறது, டைரோசின் இருக்கிறது. ஆனாலும் வேலை நடப்பதில்லை. கூட்டாளிப் புரதம் வந்து ஒட்டினால்தான் உயிர் வரும். எச்டாக் 3க்கு அந்தக் கூட்டாளி ஸ்மார்ட் அல்லது என்கோர் என்ற புரதம். 1, 2 இரண்டுக்கும் நியூர்டு, சின்3, கோரெஸ்ட் போன்ற பெரிய கூட்டங்கள்.

2012இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் ஜான் ஷ்வாபின் குழு எச்டாக் 3ஐயும் ஸ்மார்ட்டின் ஒரு துண்டையும் சேர்த்துப் படிகமாக்கிப் பார்த்தது. இரண்டுக்கும் நடுவே, யாரும் போடாத மூன்றாவது ஒரு பொருள் உட்கார்ந்திருந்தது. அது இனோசிடால் டெட்ராபாஸ்பேட்: சர்க்கரை போன்ற ஒரு சிறு வளையத்தில் நான்கு பாஸ்பேட்டுகள். புரதத்தை வளர்த்த மனித உயிரணுக்களிலிருந்தே அது கூட வந்திருக்கிறது. சுத்தப்படுத்தும் எந்தப் படியிலும் கழன்று போகவில்லை. நொதியின் மேற்பரப்பிலும் கூட்டாளியின் மேற்பரப்பிலும் நேர்மின்னேற்றம் குவிந்திருக்கும் ஒரு பள்ளத்தில், எதிர்மின்னேற்றம் கொண்ட இது நடுவில் நின்று இரண்டையும் பிணைக்கிறது. மரபணுவை அடக்கும் ஒரு நொதி, உயிரணுவின் வளர்சிதை மாற்றத்திலிருந்து வரும் ஒரு சிறு பொருளின் தயவில் நிற்கிறது என்பது அன்றைக்கு யாரும் எதிர்பார்க்காத செய்தி. அடுத்த வருடமே எச்டாக் 1ஐ அதன் நியூர்டு கூட்டாளியான எம்டிஏ1 உடன் சேர்த்துப் பார்த்தார்கள். அங்கேயும் அதே பள்ளம், இனோசிடால் பாஸ்பேட்டால் அதே தூண்டல்.

கத்தரிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். தையல்காரர் கையில் இருந்தாலும் முடிவெட்டுபவர் கையில் இருந்தாலும் அறுவை மேசையில் இருந்தாலும் வெட்டும் விளிம்பு ஒன்றுதான். எதை வெட்டுகிறது என்பதைக் கை முடிவு செய்கிறது. எச்டாக் 1இன் வரிசையும் 2இன் வரிசையும் 80 சதவீதத்துக்கு மேல் ஒன்று. துளை கிட்டத்தட்ட அச்சாக ஒன்று. கோரெஸ்ட் கூட்டத்தில் நிற்கும்போது பக்கத்திலேயே எல்எஸ்டி1 என்ற இன்னொரு நொதி இருக்கிறது. அது ஹிஸ்டோனிலிருந்து மீத்தைல் என்ற வேறொரு சிறு தொகுதியைக் கழற்றும். இருவரும் சேர்ந்து ஒரே வாலைத் துடைக்கிறார்கள். நியூர்டில் நிற்கும்போது நியூக்ளியோசோமையே நகர்த்தும் இயந்திரம் கூட இருக்கிறது. எச்டாக் அதே எச்டாக்தான், விளைவு வேறு.

எலிகளில் செய்த ஒரு பரிசோதனை இதை இன்னும் தூரம் கொண்டுபோகிறது. எச்டாக் 3 முழுவதும் இல்லாத எலிக்கரு பிறக்கும் முன்பே இறந்துவிடும். சரி, நொதியை அப்படியே விட்டுவிட்டு, அதைத் தூண்டும் கூட்டாளிப் பகுதியை மட்டும் பழுதாக்கினால்? 2013இல் மிட்செல் லசாரின் குழு அதைச் செய்தது. கருவில் எச்டாக் 3இன் கழற்றும் வேலை அளக்க முடியாத அளவுக்கு விழுந்தது. ஆனாலும் எலிகள் பிறந்து வாழ்ந்தன. நொதியின் உடல் அந்த இடத்தில் இருப்பதே பாதி வேலையைச் செய்கிறது, துளையில் நடக்கும் வேதியியல் மட்டும் முழுக்கதை இல்லை என்றுதான் இதற்குப் பொருள். துளையை அடைக்கும் மருந்தும் நொதியே இல்லாமல் போவதும் ஒன்றாக இருக்க முடியாது என்பதும் இதிலிருந்தே கிடைக்கிறது.

இப்போது எபிலிமுக்கு வருவோம். 2001இல் இரண்டு குழுக்கள், ஒன்று அமெரிக்காவில், ஒன்று ஜெர்மனியில், வால்ப்ரோயேட் எச்டாக்களைத் தடுக்கிறது என்று தனித்தனியாகக் காட்டின. தடுக்கும் திறன் பலவீனம்தான். ஆனால் வலிப்புக்காக இரத்தத்தில் வைத்திருக்க வேண்டிய அளவு லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராம்; எச்டாக் 1ஐப் பாதிக்கத் தேவைப்படும் அளவும் ஏறக்குறைய அதே இடத்தில் விழுகிறது. அதாவது வழக்கமான சிகிச்சையில் இருக்கும் ஒருவரின் உடலில் எச்டாக்கள் ஓரளவு தடுக்கப்பட்டே இருக்கின்றன. வளர்ந்த உடலுக்கு அது பெரும்பாலும் தாங்கும். கருவுக்குத் தாங்காது. முதல் நாலைந்து வாரங்களில் எந்த மரபணு எந்த நாளில் திறக்க வேண்டும், எது மூட வேண்டும் என்பதற்கு நெருக்கமான அட்டவணை இருக்கிறது. வால்ப்ரோயேட்டின் நெருங்கிய உறவான வால்ப்ரோமைடு எச்டாக்கைத் தடுப்பதில்லை. விலங்குச் சோதனைகளில் அது சிசுவைக் கெடுக்கவும் இல்லை. குற்றவாளி துளைதான் என்பதற்கு இது வலுவான சாட்சி.

மனிதரில் எண்கள் இவை: கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் எடுத்த தாய்மாரின் 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறைபாடு, 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, நடை, படிப்பு போன்றவற்றில் வளர்ச்சிச் சிக்கல். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கோயில் கூழ் ஊற்றும் நாளில் ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: "தம்பி, மருமக இந்த மாத்திரதான் சாப்பிடுறா. பிள்ளை வேணும்னு இருக்காங்க. நிறுத்திடச் சொல்லவா?" நிறுத்தச் சொல்லாதீர்கள் அக்கா, மருத்துவரிடம் இப்போதே போகச் சொல்லுங்கள் என்றேன். திடீரென்று நிறுத்தினால் வரும் வலிப்பு தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் கொல்லக்கூடியது. கருவுறுவதற்கு முன்பே, மருத்துவர் மேற்பார்வையில், வேறு மருந்துக்கு மெதுவாக மாற வேண்டும். தண்டுவடம் மூடும் காலம், பல பெண்களுக்குக் கரு உண்டானதே தெரியாத காலம். நம் வீடுகளில் வலிப்பை மறைத்துக் கல்யாணம் செய்துவைக்கும் பழக்கம் இன்னும் முழுக்கப் போகவில்லை. அதனால் இந்தப் பேச்சு தாமதமாகவே தொடங்குகிறது.

இதே குடும்பத்தைத் தடுக்கும் இன்னொரு பொருளை நம் குடலே தயாரிக்கிறது: பியூட்டிரேட். நாம் செரிக்க முடியாத நார்ப்பொருளைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைக்கும்போது இது உண்டாகிறது. இதைப் பற்றிய பேர்பெற்ற பரிசோதனை ஒன்று நம் குவாசுலு-நடால் மாகாணத்திலேயே நடந்தது. கிராமப்புற ஆப்பிரிக்கர்கள் 20 பேரும், அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் 20 பேரும் இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்களுக்கு ஒரு நாளைக்கு 55 கிராம் நார். இங்கிருந்தவர்களுக்குக் கொழுப்பு மிகுந்த மேற்கத்தியச் சாப்பாடும் வெறும் 12 கிராம் நாரும். 2015இல் வந்த முடிவில், அமெரிக்கர்களின் பியூட்டிரேட் இரண்டரை மடங்கு கூடியிருந்தது, இங்கிருந்தவர்களுக்குப் பாதியாகக் குறைந்திருந்தது. குடல் சுவரில் அழற்சியின் அடையாளங்களும் அதே திசையில் மாறின. பெருங்குடல் புற்றுநோய் அமெரிக்காவின் அந்த மக்களில் லட்சத்துக்கு 65 பேருக்கு, இங்கே கிராமங்களில் 5 பேருக்கும் குறைவு என்பதுதான் இந்த ஆய்வின் பின்புலம். இதை வைத்து "மீலி மீலும் (சோள மாவு) சுகர் பீன்ஸும் சாப்பிட்டால் மரபணு மாறும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை நம்ப வேண்டாம். பியூட்டிரேட் எச்டாக்கைத் தவிர வேறு வழிகளிலும் வேலை செய்கிறது. ஆரோக்கியமான குடல் உயிரணு அதை எரிபொருளாக எரித்துவிடும். குளுக்கோசையே நம்பி வாழும் புற்றணுவில்தான் அது உட்கருவில் தேங்கி எச்டாக்கைத் தடுக்கிறது என்று 2012இல் ஒரு ஆய்வு காட்டியது. ஒரே பொருள், ஒரே நொதி. உயிரணு மாறினால் கதையும் மாறுகிறது.

எச்ஐவி விஷயம் டர்பனுக்கு அருகிலேயே இருக்கிறது, தமிழ் வீடுகளில் அந்தப் பெயரை உச்சரிக்கத் தயங்கினாலும். தென்னாப்பிரிக்காவில் சுமார் 80 லட்சம் பேர் இந்த வைரசோடு வாழ்கிறார்கள். குவாசுலு-நடாலில் சுமை மிக அதிகம். ஏஆர்வி எனப்படும் எச்ஐவி மாத்திரைகள் வைரஸ் பெருகுவதை நிறுத்துகின்றன. ஆனால் நோயெதிர்ப்பைச் சேர்ந்த சில சிடி4 உயிரணுக்களின் டிஎன்ஏக்குள் வைரஸ் தன் மரபணுவைச் செருகிவிட்டு, எதையும் தயாரிக்காமல் இருக்கிறது. தயாரிக்காத வரை மாத்திரைக்கும் தெரியாது, நோயெதிர்ப்புக்கும் தெரியாது. ஓய்வில் இருக்கும் பத்து லட்சம் சிடி4 அணுக்களில் ஏறக்குறைய ஒன்று இப்படிப்பட்டது. அந்தக் கையிருப்பு பாதியாகக் குறைய 44 மாதம் ஆகிறது. மாத்திரையால் மட்டும் முழுக்கத் தீர்க்க 70 வருடத்துக்கு மேல் வேண்டும்.

வைரசை அப்படி அடக்கி வைத்திருப்பதில் எச்டாக்களுக்குப் பங்குண்டு. வைரஸ் மரபணுவின் துவக்கப் பகுதியில், படிப்பு ஆரம்பிக்கும் இடத்தை ஒட்டி ஒரு நியூக்ளியோசோம் உட்கார்ந்திருக்கிறது. அங்கே வந்து ஒட்டும் சில புரதங்கள் எச்டாக் 1, 2, 3ஐக் கூட்டிவருகின்றன. வால்களில் அசிட்டைல் இருக்காது. வைரஸ் மரபணு மூடிக்கிடக்கும். எனவே எச்டாக்கைத் தடுத்து வைரசை எழுப்பினால், எழுந்த அணுவை நோயெதிர்ப்பு கொன்றுவிடும் என்பது கணக்கு. உலுக்கிக் கொல்லும் உத்தி என்று இதற்குப் பெயர்.

2005இன் வால்ப்ரோயேட் ஆய்வில் இருந்தவர்கள் நான்கே பேர். அதில் மூவருக்குக் கையிருப்பு குறைந்தது என்ற செய்தி பெரிய பரபரப்பை உண்டாக்கியது. பிறகு வேறு நோயாளிகளைப் பார்த்தபோது அந்தக் குறைவு திரும்பக் கிடைக்கவில்லை. 2012இல் வோரினோஸ்டாட் வந்தது. இது தோல் லிம்போமா என்ற ஒருவகைப் புற்றுநோய்க்காக 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எச்டாக் தடுப்பான். நீண்ட வால் குழாய்க்குள் இறங்க, அதன் நுனியில் இருக்கும் ஹைட்ராக்சமிக் அமிலம் துத்தநாகத்தைக் கவ்விக்கொள்ளும். எட்டு நோயாளிகளுக்கு ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்ததும் சிடி4 அணுக்களில் எச்ஐவி ஆர்என்ஏ சராசரியாக 4.8 மடங்கு கூடியது. வைரஸ் உண்மையாகவே விழித்தது. கையிருப்பு மட்டும் குறையவில்லை. 2020இல் பிரிட்டனில் 60 பேரை வைத்து, வோரினோஸ்டாட்டோடு தடுப்பூசியும் சேர்த்துப் பார்த்த சோதனையிலும் வித்தியாசம் ஏதும் வரவில்லை.

ஏன்? வைரஸ் விழித்த அணு தானாகச் செத்துவிடும் என்று நினைத்திருந்தார்கள். சாகவில்லை, கொல்லும் டி அணுக்கள் வந்தால்தான் சாகும் என்பது 2012இலேயே ஆய்வகத்தில் தெரிந்தது. அந்தக் கொல்லும் அணுக்களை எச்டாக் தடுப்பான்கள் தளர்த்துகின்றன என்று 2014இல் வந்த இன்னொரு ஆய்வு சொன்னது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கொல்லும் அணுவிலும் எச்டாக் 1, 2, 3 இருக்கின்றன, அதே துளையோடு. வைரசின் துவக்கப் பகுதியில் எந்தக் கூட்டத்தோடு நிற்கும் எச்டாக் வேண்டும், கொல்லும் அணுவில் எந்தக் கூட்டத்தோடு நிற்பதைத் தொடக்கூடாது என்பதை வோரினோஸ்டாட்டால் பிரித்தறிய முடியாது.

இந்தச் சோதனைகளில் எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், பெரும்பாலும் ஆண்களில், எச்ஐவியின் பி வகையை வைத்து நடந்தவை. தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் பரவலாக இருப்பது சி வகை. அதன் துவக்கப் பகுதியே கொஞ்சம் வேறு: என்எஃப்-கப்பாபி என்ற தூண்டும் புரதம் வந்து ஒட்ட பி வகையில் வழக்கமாக இரண்டு இடம், சி வகையில் மூன்று. எச்டாக் கூட்டிவரப்படும் பகுதியே மாறும்போது, அங்கே கிடைத்த முடிவை இங்கே அப்படியே ஒட்டவைக்க முடியாது.

அந்தக் குறையை ஓரளவு தீர்க்கும் வேலை சாட்ஸ்வொர்த்துக்கு அடுத்த உம்லாசியில் நடந்தது. அங்கே 2012இல் தொடங்கிய ஃப்ரெஷ் என்ற ஆய்வில் 18 முதல் 23 வயதுப் பெண்களுக்கு வாரம் இருமுறை விரல்நுனி இரத்தச் சோதனை. தொற்று வந்தால் சில நாட்களிலேயே தெரியும், உடனே சிகிச்சை. அந்தப் பெண்களில் 20 பேரை வைத்து நடந்த ஒரு சோதனையின் முடிவை 2025 மார்ச்சில் தும்பி இன்டுங்குவின் குழு வெளியிட்டது. அவர்கள் எச்டாக்கைத் தொடவே இல்லை. நோயெதிர்ப்பின் ஒரு உணரியைத் தூண்டும் வெசடோலிமோட் என்ற மருந்தும், வைரசை மடக்கும் இரண்டு எதிர்ப்பொருள்களும். அவற்றில் ஒன்றின் மூலம் டர்பனில் இயங்கும் எய்ட்ஸ் ஆய்வு மையமான காப்ரிசாவின் ஆய்வில் பங்கெடுத்த ஒரு பெண்ணின் இரத்தத்திலிருந்து வந்தது. சோதனையில் மாத்திரையை நிறுத்திப் பார்த்தபோது, 20 பேரில் 4 பேர் சோதனை முடிந்த பிறகும் மாத்திரை இல்லாமல் தொடர்ந்தார்கள். எழுப்புவதையும் கொல்வதையும் ஒன்றாகத் தூண்டும் வழி இது.

எச்டாக் பக்கத்திலும் வேலை நின்றுவிடவில்லை. துளையோடு கூட்டாளியையும் அடையாளம் காணும் மருந்துகளைத் தேடுகிறார்கள். 2018இல் வந்த கோரின் ஒரு முனையில் எச்டாக்கின் துத்தநாகத்தையும் மறுமுனையில் எல்எஸ்டி1ஐயும் பிடிக்கும். இரண்டும் சேர்ந்திருக்கும் கோரெஸ்ட் கூட்டத்தில்தான் அதற்கு முழு வேகம். மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் அணுக்களில் அதைச் சோதித்தார்கள். லெஸ்டரிலேயே 2020இல், எச்டாக் 1, 2 ஆகியவற்றை அடைப்பதற்குப் பதிலாக அழிவுக்கு அனுப்பும் மூலக்கூறுகளைச் செய்தார்கள். எலிப் பரிசோதனை சொன்ன "உடலும் முக்கியம்" என்ற பாடத்துக்கு இது நேரான பதில். இதற்கிடையே பழைய பாணியில் துளையை மட்டும் அடைக்கும் கிவினோஸ்டாட்டுக்கு, டுஷேன் தசைச்சிதைவு நோய்க்காக 2024 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி தந்தது. எனவே மொட்டையான கருவிக்கும் சில இடங்களில் பயன் உண்டு. எச்ஐவி அப்படிப்பட்ட இடம் என்று எனக்குத் தோன்றவில்லை. டர்பனில் யாராவது எச்டாக் மருந்தை மறுபடி கையில் எடுத்தால், சி வகை வைரசின் துவக்கப் பகுதியில் எச்டாக்கோடு யார் யார் நிற்கிறார்கள் என்ற பட்டியலை முதலில் பார்க்க ஆசைப்படுவேன்.